குறைவாக ஓடிய பழைய மியாட்டாவை அன்றாட ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓடோமீட்டரில் 43,000 கிலோமீட்டர்தான் இருந்தது. 1992ஆம் வருடத்து மாஸ்டா மியாட்டா, துணிக்கூரையை இறக்கி ஓட்டும் இரண்டு சீட் கார், சிவப்பு நிறம், ஐந்து கியர். டொரன்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு வீட்டு கராஜில், பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஒன்பது வருடமாக நின்றிருந்தது. கோடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டி, பனி விழும் முன் உள்ளே வைத்து, ஒரு வருடம் வெளியே எடுக்க மறந்து, அப்படியே நின்றுபோன கார். ஒன்டாரியோவில் இந்த மாதிரிக் கார்கள் நிறைய உண்டு. குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பைக் கொட்டும் ஊர் என்பதால், ஆசைக்கு வாங்கிய காரை வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் வைப்பார்கள்.

டிரெய்லரில் ஏற்றி வந்து, ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, ஓடாத கார் எண்டால் நல்ல கார் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்றார்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் பாட்டி வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆள் புழங்கும் வீடுகளுக்கு முன்னாலேயே அதில் ஓடு சரியும், கதவு உப்பும். காரும் அதே கதைதான். ரப்பர், பிரேக் ஆயில், பெட்ரோல், கூலன்ட் எதுவும் ஓடோமீட்டரைப் பார்ப்பதில்லை, காலண்டரைப் பார்க்கின்றன. ஆகவே சர்வீஸ் அட்டவணையில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம்" என்று இருக்கும் இடங்களில் கிலோமீட்டரை மறந்துவிட்டு மாதத்தை மட்டும் படியுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதுதான்.

முதல் தலைமுறை மியாட்டாவை வைத்தே எழுதுகிறேன். எனக்குக் கை பழகிய கார் அதுதான். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை ஹிரோஷிமாவில் தயாரானது. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5 என்று பெயர். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். வட அமெரிக்காவில் 1993 வரை வந்தவற்றில் 1.6 லிட்டர் எஞ்சின், அதற்குப் பிறகு 1.8. நாலு தலைமுறையும் சேர்த்து 2016இலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. ஜப்பானில் மாஸ்டாவே இந்த முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கி, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிக்கிறது. உங்களுடையது வேறு காராக இருந்தாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது. மாறும் ஓரிரு இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: சாவியைத் தொடாமல் ஒரு சுற்று

கார் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. அதை அடக்குங்கள். ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு நோட்டு போதும்.

முதலில் எலி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். என் காரில் ஃபில்டருக்கு மேல் பஞ்சும் ஏகோர்ன் என்ற ஓக் மரக் கொட்டையின் தோலுமாக ஒரு குடும்பமே இருந்து போயிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில், டிக்கியில், எஞ்சினுக்கு மேலே போகும் வயர்களில் பல் தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது துரு. இந்தக் காரில் துரு பிடிக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்தது: கதவுக்குக் கீழே ஓடும் நீளமான பெட்டிப் பகுதி, அதிலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். பெயின்டுக்கு அடியில் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால் உள்ளே அரித்தாயிற்று என்று அர்த்தம். காந்தத்தை ஒரு மெல்லிய துணிக்குள் வைத்து அந்தப் பகுதி முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. இங்கே பெரிய ஓட்டை இருந்தால் மற்ற வேலை எதையும் தொடங்காதீர்கள். வெல்டிங் செலவு மற்ற எல்லாச் செலவையும் விழுங்கிவிடும்.

பிறகு தரையைப் பாருங்கள். கார் நின்ற இடத்தில் என்னென்ன சொட்டியிருக்கிறது, எந்த இடத்தில் என்று நோட்டில் குறித்துவைத்தால் பின்னால் உதவும்.

படி 2: நிற்பது முதலில், ஓடுவது பிறகு

எஞ்சின் ஓடாவிட்டால் கார் கராஜிலேயே நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எஞ்சினுக்கு முன்னால் பிரேக்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல வருடம் நின்ற காரில் அது டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்திருக்கும். அந்த ஈரம் இரண்டு வேலை செய்கிறது. ஆயிலின் கொதிநிலையைக் குறைக்கிறது, அதனால் மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் போட்டால் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கூடவே பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரையும், சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரையும் உள்ளிருந்து அரிக்கிறது.

பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு டாட் (DOT) 3 அல்லது டாட் 4 ஊற்றுங்கள். டாட் 5 என்று ஒன்று கடையில் இருக்கும். எண் பெரிது என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, இந்தக் காருக்கு ஆகாது.

ஆயில் மாற்றும்போது குழாயில் சேரும் காற்றைப் பெடலை மிதித்து வெளியேற்ற வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரில் அதன் வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் இத்தனை வருடமும் பாதித் தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் துரு படிந்திருக்கும். தரைவரை அழுத்தினால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள், போதும்.

ரப்பர் ஓஸ் நாலையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கேலிப்பர் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். டிஸ்க்கின் மேல் லேசான துரு என்றால் பத்து தடவை பிரேக் போட்டதும் போய்விடும். குழி குழியாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஹேண்ட் பிரேக் இந்தக் காரின் பலவீனம். பின் கேலிப்பருக்குள்ளேயே அதன் இயந்திரம் இருப்பதால், நின்ற காரில் அது இறுகிப் போயிருக்கும். கேலிப்பரின் பின்னால் ஒரு சிறிய போல்ட் மூடியாக இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் திருகு தெரியும். சக்கரம் சுழலாமல் இறுகும்வரை திருகி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும். இதைத் தெரியாமல் லீவருக்குப் பக்கத்தில் உள்ள கேபிளை மட்டும் இழுத்து முறுக்குபவர்கள் அநேகம். அது சரியான வைத்தியமல்ல.

கிளட்சுக்கும் இதே வகை ஆயில்தான். அதன் டப்பா சிறியது. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரில் அடிக்கடி போகும் பாகம். விலையும் குறைவு. அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் நான் மாற்றியிருப்பேன். நடுச்சாலையில் கிளட்ச் பெடல் உள்ளே போய் மேலே வராமல் நின்றால் அப்புறம் தெரியும் அதன் அருமை.

படி 3: டயர்

பட்டன் ஆழமாக இருக்கிறது, முடி முடியாக ரப்பர் கூட இன்னும் உதிரவில்லை, அதனால் டயர் புதுசு என்று விற்பவர் சொல்வார். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2311 என்றால் 2011ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். மூன்றே எண்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர், அதை அருங்காட்சியகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தைத் தாண்டிய டயரை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் கெட்டிப்பட்டு ஈரச்சாலையில் பிடிக்காது, வேகத்தில் அடுக்கு பிரியும். டிக்கியில் உள்ள ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். என்னுடையது காரோடு பிறந்தது.

இந்தக் காரின் அசல் அளவு 185/60 ஆர்14. காற்று 26 பிஎஸ்ஐ. எடை குறைந்த கார் என்பதால் 32, 35 என்று ஏற்றினால் துள்ளும். டயர் கடையில் வழக்கமாக ஏற்றிவிடுவார்கள், வீட்டுக்கு வந்து குறையுங்கள். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கு போதும்.

படி 4: பழைய பெட்ரோல்

மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனைக்குப் பதில் பழைய வார்னிஷ் வாசனை வந்தால் அதை எஞ்சினுக்குள் விடக் கூடாது. இங்கே விற்கும் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்து, கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகப் படியும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். புது பெட்ரோலை மேலே ஊற்றிக் கலந்துவிடலாம் என்ற யோசனை ஒரு வருடம் நின்ற காருக்குச் சரி. ஒன்பது வருடத்துக்கு நடக்காது.

வெட்ட வெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஹீட்டர், பீடி, சிகரெட் எதுவும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யுங்கள். சீட்டுகளுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி இருக்கும். அதன் கீழேதான் பெட்ரோல் பம்ப். அதைத் தூக்கி எடுத்தால் டாங்கை முழுக்க உறிஞ்சி எடுக்கலாம், உள்ளே துரு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பம்பின் அடியில் உள்ள வலை கறுத்திருந்தால் புதிது போடுங்கள். பின் வலது சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் ஒரு தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

எடுத்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். டொரன்டோ மாநகராட்சியின் கழிவு மையங்களில் பழைய பெட்ரோல், ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

படி 5: மற்ற திரவங்கள்

எஞ்சின் ஆயில் மூன்றரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். ஃபில்டர், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை வடிவமைத்தவருக்குக் கை மூன்று இருந்திருக்க வேண்டும். பழைய ஆயில் மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் மாற்றுங்கள், அதில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும்.

கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே விதி: ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். வடிக்கும் பிளக்கை முதலில் கழற்றி எல்லாவற்றையும் வடித்த பிறகு ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், இரண்டு லிட்டர். பின் ஆக்சிலுக்கு ஊற்றுவதை நம்மூர் லாரிக்காரர்கள் கிரவுன் ஆயில் என்பார்களே, அதற்கு ஜிஎல்-5, 1.6 எஞ்சின் காருக்கு ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் மிஞ்சும். கையோடு கியர் லீவருக்கு அடியில் உள்ள ரப்பர் உறையையும் பாருங்கள். வயதானதும் அது கிழியும். அது கிழிந்த காரில் எஞ்சின் சூடும் கியர்பாக்ஸ் சத்தமும் நேராக உங்கள் முழங்காலுக்கு வரும்.

கூலன்ட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ரேடியேட்டர். அதன் மேல்பகுதி பிளாஸ்டிக். கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக மாறியிருந்தால் எந்த நாளும் வெடிக்கலாம். பழுப்பைப் பார்த்ததும் மாற்றிவிடுங்கள், சூடேறிய எஞ்சினின் ஹெட்டைக் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஓஸ்கள், ஹீட்டருக்குப் போகும் ஓஸ்கள் எல்லாம் ஒரே தடவையில். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. ஊற்றும்போது காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் காற்றுக் குமிழி வெளியேறும். கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிர் போகும். தரையில் சிந்தியதை உடனே துடையுங்கள்.

படி 6: பேட்டரி

இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. ஆகவே கடையில் கிடைக்கும் சாதா பேட்டரியைத் தூக்கி வைத்துவிட முடியாது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் டிக்கியில் தங்கும், ஆசிட் கசிந்து தகட்டைத் தின்னும். ஆசிட்டைக் கண்ணாடி நாரில் ஊறவைத்துச் சீல் செய்த ஏஜிஎம் வகைதான் வேண்டும், அதன் ஆவிக் குழாயை வெளியே போகும் குழாயோடு இணைக்க வேண்டும். எர்த் வயர்கள் பாடியில் பிடிக்கும் இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பழைய காரில் வரும் மின்சாரக் குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மேலெழும் ஹெட்லைட் ஒன்று மட்டும் எழுந்து கண்ணடித்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு மோட்டாரின் மேலும் ரப்பர் தொப்பிக்கு அடியில் ஒரு குமிழ் உண்டு. கையால் திருகியே விளக்கை ஏற்றலாம்.

படி 7: முதல் ஸ்டார்ட்

இப்போதுதான். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். எஞ்சினின் முன்முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் நடு போல்டில் 21 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் போகும் திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது கெட்டியாக முட்டினால் நிறுத்துங்கள். பலம் காட்ட வேண்டிய இடம் இது கிடையாது.

பிறகு இக்னிஷன் காயிலின் இணைப்பையும் பெட்ரோல் பம்ப் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்து பத்து விநாடியாகச் சுற்றுங்கள். பிளக் ஓட்டைகளின் மேல் ஒரு பழைய துணி போடுங்கள், விட்ட ஆயில் பீய்ச்சி அடிக்கும். 1994 வரை வந்த கார்களில் ஆயில் அழுத்த முள் நிஜமாகவே அளந்து காட்டும். அது எழும்பும்வரை சுற்றுங்கள். 1995 முதல் வந்தவற்றில் முள் இருக்கும், ஆனால் அது அழுத்தம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். பார்ப்பவர் மனம் நோகக் கூடாது என்று வைத்த முள்.

முள் எழுந்ததும் புது பிளக், புது பிளக் வயர். இந்தக் காரில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வரும் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் பிளக் வயர்தான் காரணம். எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை வரும், ஐந்து நிமிடத்தில் தெளியும். தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தமும் வரலாம். வால்வுகளுக்கு மேல் உள்ள ஹைட்ராலிக் லிஃப்டர்கள் வறண்டு கிடந்து ஆயில் குடிக்கும் சத்தம் அது. என் காரில் நாலாவது நாள்தான் நின்றது.

டெம்பரேச்சர் முள்ளை முழுக்க நம்பாதீர்கள். நடுவில் போய் உட்கார்ந்தால் கணிசமான சூட்டு வித்தியாசத்துக்கும் அசையாது. ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்வரை ஐடிலில் விட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓடினால் நிம்மதி.

படி 8: டைமிங் பெல்ட்டும், பொய் சொல்லும் ஆயில் கசிவும்

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குச் சொன்ன கணக்கு சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். 43,000 ஓடிய காரில் இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது என்று விற்றவர் சொன்னார். முப்பது வருட ரப்பர் அது. நல்லவேளையாக இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. கார் நிற்கும், இழுத்துப்போக வண்டி கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் முதல் ஸ்டார்ட்டைப் பழைய பெல்ட்டிலேயே செய்யத் துணிந்தேன். போர்ஷே 944 மாதிரி மோதும் எஞ்சின் உள்ள காரை வைத்திருப்பவர்கள் அந்தத் துணிச்சலைக் காட்டாதீர்கள். அங்கே பெல்ட்டை மாற்றிய பிறகுதான் சாவி. ஹோண்டா எஸ்2000 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் செயின்.

பெல்ட்டைக் கழற்றும்போது டென்ஷனர், ஐட்லர், கேம் சீல்கள், முன் கிராங்க் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்பை ஓட்டுவது ஆல்டர்னேட்டர் பெல்ட் என்றாலும், பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரே கூலி.

1990, 1991 தொடக்கத்தில் வந்த கார் என்றால் கூடுதலாக ஒன்று. அந்த எஞ்சின்களில் கிராங்க்கின் முன்முனை குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் கீ என்ற சிறு உலோகத் துண்டின் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆட்டம் கண்டு, கடைசியில் கிராங்க்கே வீணாகும். புல்லியின் முகத்தில் நாலு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிழைத்தீர்கள். குட்டை மூக்கு எஞ்சினில் அந்த நடு போல்டை இஷ்டத்துக்கு இறுக்க விடாதீர்கள். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன முறுக்கு அளவில், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான்.

இப்போது அந்தக் கசிவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கடையில் காட்டினேன். பின் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று நாலு இலக்கத்தில் விலை எழுதிக் கொடுத்தார்கள். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. யாழ்ப்பாணத்து அண்ணன் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து எஞ்சினின் பின்முனையில், தடுப்புத் தகட்டுக்குப் பக்கத்தில் காட்டினார். அங்கே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சுழற்சியை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதில் ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். அது காய்ந்து கல்லானதும் ஆயில் எஞ்சினின் முதுகில் வழிந்து, சரியாகப் பின் சீல் இருக்கும் இடத்தில் போய்ச் சொட்டும். ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட், சில டாலர் ஓ-ரிங். சென்சாரைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் நிலையை ஒரு கோடு போட்டு வையுங்கள், நகர்ந்தால் இக்னிஷன் டைமிங் மாறும். பின்னர் டைமிங் லைட் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. அடிப்படை 10 டிகிரி.

படி 9: கூரையும் வடிகாலும்

துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்மூலைகளில் சேர்ந்து, சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்குப் போகும், இல்லையென்றால் அந்தப் பெட்டிப் பகுதிக்குள் தேங்கும். முதலில் சொன்ன துருவின் பிறப்பிடம் இதுதான். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே சொட்ட வேண்டும். அடைத்திருந்தால் கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும். நீளமான பிளாஸ்டிக் கேபிள் டை போதும்.

பின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். குளிர்ந்த காலையில் அவசரமாக மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

படி 10: காகித வேலை

ஒன்டாரியோவில் பழைய காரைத் தனியாரிடம் வாங்கினால் விற்பவர் வாகனத் தகவல் தொகுப்பைத் தர வேண்டும். நம்பர் பிளேட் போட்டு ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அது 36 நாள்தான் செல்லும், ஆகவே வேலையெல்லாம் முடிந்த பிறகே சோதனைக்குக் கொண்டுபோங்கள். இன்ஷூரன்ஸில் மலிவாகக் கிடைக்கும் கிளாசிக் கார் பாலிசியைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலும் அதில் வேலைக்குப் போய்வரப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கும். அன்றாடம் ஓட்டப் போகிறேன் என்று வாய்திறந்து சொல்லிவிட்டு பாலிசி எடுங்கள்.

படி 11: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை அன்றைக்கே மலையேறச் சொல்வோமா? முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து இருபது, பிறகு ஐம்பது. ஒவ்வொரு முறையும் சக்கர நட்டு, ஆயில் மட்டம், கூலன்ட் மட்டம், தரையில் புதுச் சொட்டு. இருநூறு கிலோமீட்டர் வரை வீட்டிலிருந்து இழுத்து வரக்கூடிய தூரத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில், கூலன்ட், பல்ப், ஃபியூஸ், நாலு ஸ்பேனர்.

நின்றிருந்த சீல்கள் மறுபடி ஆயிலில் ஊறி இரண்டு வாரத்தில் சில கசிவுகள் தானாகவே நிற்கும். சில புதிதாகத் தொடங்கும். சஸ்பென்ஷன் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் இந்தக் கட்டத்தில்தான் தங்கள் வயதைச் சொல்லும். பள்ளத்தில் டொக் என்று சத்தம், வளைவில் ஒரு மிதப்பு. அவற்றை மாற்றிய பிறகே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள், முன்னால் செய்தால் அந்தக் காசு போச்சு. ஐந்நூறு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை ஃபில்டரோடு மறுபடி மாற்றுங்கள். இத்தனை வருட அழுக்கைப் புது ஆயில் கழுவிக் கொண்டுவந்திருக்கும், வடியும் நிறத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு மொத்தச் செலவு, காரை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. டயரும் பெல்ட் வேலையும்தான் அதில் பாதி.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு அதில்தான் போகிறேன். அரைமணி நேரத்துக்குக் குறையாமல், எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவது. நவம்பரில் டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்கும் மருந்து ஊற்றி, பேட்டரிக்குச் சிறிய சார்ஜர் மாட்டி, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுகிறேன். நடுக்குளிரில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதில்லை. ஆயிலில் ஈரம் சேருவதைத் தவிர அதனால் ஒரு பயனுமில்லை. ஏப்ரலில் இரண்டு நல்ல மழை உப்பைக் கழுவிய பிறகு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி இல்லை என்று பார்த்துவிட்டுச் சாவியைப் போடுகிறேன்.